1,800 சொற்களும் ஒரு சட்ட நுழைவுத் தேர்வும்

முதன்முறை கிளாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வுக்குப் போனபோது என்னிடம் 1,800 ஆங்கிலச் சொற்கள் இருந்தன. எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாக நினைவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. தான் பறித்த தேயிலைக் கொழுந்தின் எடையை நாள்தோறும் காலண்டரில் அம்மா குறித்து வைப்பதைப் பார்த்து வளர்ந்த நான், அன்றன்று மனப்பாடம் செய்த சொற்களின் எண்ணிக்கையைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியிட்டு எழுதி வந்தேன். அம்மாவின் கிலோவுக்குக் கூலி இருந்தது. என் சொற்களுக்கு இல்லை. 2022 டிசம்பர் 18 அன்று கோவையில் தேர்வை எழுதிவிட்டு ஊட்டி வழியாகக் கூடலூருக்குத் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்து யோசித்தபோது, பத்திகளில் வந்த கடினமான சொற்களில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன் என்பதும், ஆனால் அவை அந்த வாக்கியத்துக்குள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது எனக்குப் பிடிபடவில்லை என்பதும் ஒருசேர விளங்கின.

எங்கள் வீடு கூடலூருக்கும் பந்தலூருக்கும் இடையில், தேவாலாவை ஒட்டிய ஒரு குன்றின் சரிவில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரியில் குடியமர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா லாரி ஓட்டுகிறார். 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில்தான் படித்தேன். பயிற்சி மையம் வேண்டுமென்றால் ஊட்டிக்கோ கோவைக்கோதான் போக வேண்டும். கூடலூரிலேயே மாலை வகுப்பு நடந்திருந்தாலும் எனக்குப் பயன்பட்டிருக்காது. பொழுது சாய்ந்த பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதை காட்டானைகளுக்குரியது. ஆகவே இங்கே நான் எழுதுவது ஆசிரியர் துணையோடு சீராகக் கற்ற முறை அன்று. ஒரு வருடம் தவறாகச் செய்து, மறு வருடம் திருத்திக்கொண்ட ஒன்று.

தேர்வைப் பற்றி முதலில் சில வரிகள் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் செய்த தவற்றின் வேர் அங்கேதான் இருந்தது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்வதற்கான கிளாட் தேர்வில் முன்பு 200 கேள்விகள் இருந்தன. ஒரு சொல்லைக் கொடுத்து அதற்கு நிகரான சொல்லை நேரடியாகக் கேட்கும் வழக்கமும் இருந்தது. 2020இல் அந்த அமைப்பை மாற்றினார்கள். கேள்விகள் 150 ஆயின. ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட பத்தியைக் கொடுத்து அதிலிருந்தே கேட்கத் தொடங்கினார்கள். 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து கேள்விகள் 120 ஆகக் குறைந்தன. தேர்வு நேரம் அப்போதும் இப்போதும் இரண்டு மணி நேரம்தான். நான் 150ஐயும் எழுதினேன், 120ஐயும் எழுதினேன். ஆங்கிலப் பகுதி மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றாலும், சட்டப் பகுதியும் தர்க்கப் பகுதியும் நடப்புச் செய்திகளும்கூடப் பத்திகளாகவே வருவதால், சொல் தெரியாதவருக்கு விழும் அடி ஆங்கிலப் பகுதியோடு நிற்பதில்லை. இவ்வளவு மாறிய பிறகும், கூடலூர் ஜெராக்ஸ் கடையில் என் கைக்குக் கிடைத்த சொற்பட்டியல் கட்டு பழைய தேர்வுக்கானது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல். ஒரு நாளைக்கு 30 வீதம் மனப்பாடம் செய்தேன்.

அந்தக் கட்டின் குறையை எனக்கு முதலில் காட்டியது தேர்வு இல்லை, ஒரு பிரிவுபசார விழா. எங்கள் ஆங்கில ஆசிரியை பணி ஓய்வு பெற்றபோது, மாணவர் சார்பில் ஆங்கிலத்தில் நான்கு வரி பேச என்னை நிறுத்தினார்கள். கட்டில் ‘நொட்டோரியஸ்’ என்ற சொல்லுக்கு ‘பேர்போன’ என்று பொருள் போட்டிருந்தது. இந்த வட்டாரத்திலேயே நொட்டோரியஸான ஆசிரியை இவர்தான் என்று, அந்தச் சொல்லை நன்றாக அழுத்தி உச்சரித்து, மேடையில் சொன்னேன். பெற்றோர் கை தட்டினார்கள். ஆசிரியை முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். விழா முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, “பேர்போன டாக்டர்னும் சொல்லுவோம், பேர்போன திருடன்னும் சொல்லுவோம் இல்லயா பாப்பா? நொட்டோரியஸ்ல திருடன் மட்டும்தான் வருவான்” என்றார். சொல்லப் போனால் அந்தக் கட்டு பொய் சொல்லவில்லை. தமிழ்ச் சொல் இரண்டு பக்கமும் போகக்கூடியது, ஆங்கிலச் சொல் ஒரு பக்கம் மட்டும் போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டது, அவ்வளவே. அந்தப் பாடத்தை அன்றே கற்றிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். வெட்கப்பட்டதோடு விட்டுவிட்டேன்.

முதல் முயற்சிக்குப் பிறகு, வீட்டில் ஒரு வருடம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, பழைய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து நான் தவறவிட்ட கேள்விகளை மட்டும் பிரித்து வைத்தேன். தெரியாத சொல்லால் தவறிய கேள்விகள் மிகக் குறைவு. தெரிந்த சொல்லால் தவறியவைதான் அதிகம். ‘சாங்க்ஷன்’ என்றால் அனுமதி என்று படித்திருந்தேன். ஒரு நாட்டின் மீது சாங்க்ஷன் விதிக்கப்பட்டது என்று பத்தி சொன்னபோது, அதே சொல் தண்டனைத் தடையாகி எதிர்த்திசையில் நின்றது. ‘ஓவர்சைட்’ ஓரிடத்தில் மேற்பார்வை, இன்னோரிடத்தில் கவனக்குறைவு. ‘குவாலிஃபைட்’ என்றால் தகுதி பெற்ற என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டுரையாசிரியர் ஒரு மசோதாவுக்குக் குவாலிஃபைட் ஆதரவு தருகிறார் என்றால், அது முழு ஆதரவு இல்லை, நிபந்தனைகளோடு அளந்து கொடுக்கும் ஆதரவு. ‘டிஸ்இன்டரஸ்டட்’ நீதிபதி ஆர்வமில்லாதவர் அல்லர், தன்னலத் தொடர்பு இல்லாதவர். இவற்றில் எதுவும் அகராதியில் தேட வேண்டிய அபூர்வச் சொல் இல்லை. நான் அபூர்வங்களைத் துரத்திக்கொண்டிருந்தேன். தேர்வு என்னை எளிய சொற்களின் இரண்டாம் பொருளில் மடக்கியது.

என் கட்டில் ‘பல்கிரிட்யூட்’ இருந்தது. அழகு என்று பொருள். இரண்டு வருடத்தில் எந்தப் பத்தியிலும் அதை நான் சந்திக்கவில்லை. ‘ஆல்பீட்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ ஆகியவை இல்லை. இருந்தபோதிலும், இருப்பினும் என்று வாக்கியத்தையே திருப்பிப் போடும் இவை வாரத்துக்கு நான்கு முறை வந்தன. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் கல்விசார் எழுத்துகளில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதன் கிளைவடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்து வெளியிட்டார்; இந்த இரண்டும் அதில் உண்டு. அந்தத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பட்டியல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு நான் காட்டும் ஒரே பட்டியல் இதுதான், அதுவும் தெரிந்தவற்றைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் பார்ப்பதற்கு.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்ற கேள்விக்கும் அதே நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறார்: அகராதியின் துணையின்றி ஒரு எழுத்தைச் சரளமாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும், செய்தித்தாள் போன்றவற்றில் அந்த நிலையை எட்ட 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்கள் தேவை. முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு அதையே திருப்பிப் பார்த்தேன். 450 சொற்கள் கொண்ட பத்தியில் 2 விழுக்காடு என்றால் 9 சொற்கள். ஒன்பது சொல் தெரியாமலேயே ஒருவர் அந்தப் பத்தியை நன்றாகக் கடந்துவிடலாம் என்றால், என் வேலை ஒன்பதையும் தெரிந்துகொள்வது இல்லை, தெரியாத ஒன்பதோடு அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்வதுதான்.

அதனால் 2023 ஜனவரியில் எல்லாவற்றையும் மாற்றினேன். நாளுக்கு 30 சொல் என்பது அதிகம் போனால் 8 என்று ஆயிற்று. கட்டிலிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டு, நானே படித்த பத்தியில் என்னைத் தடுக்கிவிட்ட சொல்லை மட்டும் எடுத்தேன். கூடலூர் நூலகத்தில் ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கப் பக்கத்தை அன்றாடம் கையால் பார்த்து எழுதிக்கொள்வேன். ஒரு தலையங்கம் ஏறத்தாழ ஒரு தேர்வுப் பத்தியின் நீளம்தான் என்பதால் அதுவே பயிற்சியும் ஆனது. முதல் வாசிப்பில் அகராதியைத் தொடக் கூடாது என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி. தெரியாத சொல்லின் கீழே பென்சிலால் கோடு, பக்கத்தில் என் ஊகம், அந்தச் சொல் புகழ்கிறதா பழிக்கிறதா என்பதற்கு ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி. இரண்டாம் வாசிப்பில்தான் அகராதி. முதல் மாதம் என் ஊகங்களில் பாதிகூடத் தேறவில்லை. ஆனால் கூட்டல் கழித்தல் குறிகள் பெரும்பாலும் சரியாக இருந்தன. நான்கு தெரிவுகளில் இரண்டை விலக்க அதுவே போதும் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அகராதி விஷயத்தில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதியைக் கைவிடத் தேவையில்லை, ஆனால் அதை இரண்டாவதாகத் திறக்க வேண்டும். முதலில் திறக்க வேண்டியது, ஆங்கிலம் கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதி. லாங்மன் நிறுவனத்தின் அத்தகைய அகராதி 1978இல் வந்தபோதே, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களுக்கும் விளக்கம் எழுதும் முறையைக் கொண்டிருந்தது. விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு முறை அகராதி பார்க்க வேண்டிய அவதி அதில் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் கிடைக்கிறது. அதற்குப் பிறகு தமிழ்ப் பொருளைப் பார்த்தால், அது பொருந்தும் இடமும் பொருந்தாத இடமும் கண்ணுக்குத் தெரியும். சில சமயம் அகராதி நம்மையே நமக்குத் திருப்பித் தரும். மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய ஒரு தலையங்கத்தில் ‘ஷோலா’ என்ற சொல்லுக்குக் கீழே கடமையுணர்வோடு கோடு போட்டுவிட்டு அகராதியைத் திறந்தால், தமிழ்ச் சொல்லான சோலையிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் நிற்பதைத்தான் அகராதியில் தேடியிருக்கிறேன்.

அட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலரும் அட்டை செய்கிறார்கள், செய்துவிட்டு நான் கட்டில் செய்த அதே தவற்றை அட்டையிலும் செய்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை நான்காக வெட்டிக்கொண்டேன். முன்பக்கத்தில் சொல்லை எழுதவில்லை. நான் படித்த வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல் இருந்த இடத்தைக் காலியாக விட்டேன். பின்பக்கத்தில் சொல், எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம், அதோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் இரண்டு சொற்கள், முழுமையாகப் பொருந்தினால் மட்டும் தமிழ்ச் சொல். இவற்றை நான்கு டீத்தூள் டப்பாக்களில் போட்டேன். முதல் டப்பா நாள்தோறும், இரண்டாவது மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறினால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி அளந்து 1885இல் வெளியிட்டார். அட்டைகளையும் பெட்டிகளையும் கொண்ட முறையை 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் பரப்பினார். இதைத் தானாகவே செய்யும் அன்கி போன்ற செயலிகள் இருக்கின்றன. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் அப்பாவோடு லாரியில் போய்விடும் என்பதால் எனக்கு டப்பாதான் வாய்த்தது.

டப்பாவுக்கும் ஒரு சோதனை வந்தது. தேவாலாப் பக்கம் ஆடி மழை பெய்தால் வாரக்கணக்கில் துணி காயாது. அந்த வருடம் மூன்றாவது டப்பாவைத் திறந்தபோது அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரங்களில் பூஞ்சணம் பூத்திருந்தது. பேனா மை கரைந்து சில வாக்கியங்கள் படிக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து டப்பாக்கள் அடுப்புக்கு மேலுள்ள பரணில் இருந்தன. அழிந்த அட்டைகளைத் திரும்ப எழுதும்போது பழைய வாக்கியங்கள் நினைவில்லாததால் புதிய வாக்கியங்களைத் தேட வேண்டியிருந்தது. அந்தச் சொற்கள்தான் பிறகு மிக உறுதியாக நின்றன. அதன் பிறகு ஒவ்வொரு அட்டையிலும் வேண்டுமென்றே இரண்டாவது வாக்கியத்துக்கு இடம் விட்டு வைத்தேன்.

இரவில் அம்மா எனக்குப் பரீட்சை வைப்பார். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவர் ஏதாவது ஒரு அட்டையை எடுத்து நீட்டுவார். அந்த வாக்கியம் சொல்வதை நான் அவருக்குத் தமிழில் விளக்க வேண்டும். விளங்கவில்லை என்று அவர் சொன்னால் அட்டை முதல் டப்பாவுக்குப் போகும். மேல்முறையீடு கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 13(2)ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் அல்லது குறைக்கும் சட்டத்தை அரசு இயற்றக் கூடாது என்கிறது. குறைப்பது என்பதற்கு அங்கே இருக்கும் சொல் ‘அப்ரிட்ஜ்’. அதையும், முற்றாக நீக்குவதைக் குறிக்கும் ‘அப்ரோகேட்’ என்ற சொல்லையும் நான் ஓயாமல் குழப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டையும் விளக்க முயன்று திணறியபோது அம்மா, “கவாத்து வெட்டுறதுக்கும் செடியவே புடுங்கிப் போடுறதுக்கும் உள்ள வித்தியாசந்தானே?” என்றார். தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடுவதைத்தான் கவாத்து என்போம். அதன் பிறகு ஒருமுறைகூட அவை இடம் மாறவில்லை. அட்டையின் பின்பக்கத்தில் அகராதிப் பொருளை அடித்துவிட்டு ‘கவாத்து’ என்று எழுதிக்கொண்டேன்.

வேர்ச்சொற்கள் உதவுமா என்று பலரும் கேட்கிறார்கள். உதவும், பாதி வழி வரை. பேசு என்று பொருள்படும் ‘லோக்வி’ என்ற லத்தீன் வேரிலிருந்து எலக்வென்ட், லொக்வேஷியஸ், கொலோக்வியல் ஆகிய மூன்றும் வருகின்றன: நாவன்மை, வாயாடித்தனம், பேச்சுவழக்கு. நம்பிக்கையைக் குறிக்கும் வேரிலிருந்து வரும் கிரெடிபிள் நம்பத் தகுந்தது, கிரெடுலஸ் எதையும் நம்பிவிடுபவர். வேர், வீதியைக் காட்டும், வீட்டைக் காட்டாது. அதிலும் முன்னொட்டை நம்பி முழுதாக இறங்குவது ஆபத்து. ‘இன்’ என்று தொடங்கினால் எதிர்மறை என்று நான் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒருமுறை அப்பாவோடு லாரியில் நடுவட்டம் பக்கம் ஏறிக்கொண்டிருந்தபோது, கொண்டை ஊசி வளைவில் எங்களுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் டேங்கர் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. தீப்பிடிக்கவே பிடிக்காது என்று எழுதியிருக்கிறார்கள் என அப்பாவிடம் விளக்கினேன். “பெட்ரோல் வண்டியிலயா?” என்று மட்டும் கேட்டார். அந்த ‘இன்’ எதிர்மறை இல்லை. உள்ளே என்ற பொருள் கொண்டது, தீயை மூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையோடு சேர்ந்தே வந்தது. நம் மொழியில் அநீதியின் அகரத்தைப் பார்த்துவிட்டு அறிவின் அகரத்தையும் எதிர்மறை என்று யாராவது சொன்னால் எப்படியிருக்கும், அப்படி.

உச்சரிப்பைத் தேர்வு சோதிப்பதில்லை என்பதால் அதை ஒதுக்கிவைத்தேன். அதற்கும் ஒரு விலை கொடுத்தேன். குற்றம் சாட்டுவது என்ற பொருளில் செய்திகளில் ‘இன்டைட்’ என்று காதால் கேட்டிருந்தேன். பத்திகளில் ‘இன்டிக்ட்’ என்று கண்ணால் படித்திருந்தேன். இரண்டும் ஒரே சொல் என்பது தெரியாமல் பல மாதம் இரண்டு அட்டைகளாக வைத்திருந்தேன், இரண்டையும் சரியாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அதற்குப் பிறகு புதிய சொல் எதையும் அகராதிச் செயலியின் ஒலியைக் கேட்காமல் டப்பாவில் போடவில்லை. காதில் விழும் செய்தியும் கண்ணில் படும் பத்தியும் அப்போதுதான் ஒன்றுக்கொன்று துணையாக வந்தன.

சேர்ந்து வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளும் பழக்கம்தான் கடைசியில் எனக்கு மதிப்பெண் தந்தது என்று நினைக்கிறேன். கட்டணத்தை ‘வெய்வ்’ செய்வார்கள், வரியை ‘லெவி’ செய்வார்கள், பாதிப்பை ‘மிட்டிகேட்’ செய்வார்கள், குறையை ‘ரெட்ரெஸ்’ செய்வார்கள். கடைசிச் சொல்லை எனக்கு யாரும் கற்பிக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமை மனுவோடு ஊட்டிக்குப் பேருந்து ஏறுபவர்கள் ‘கிரீவன்ஸ்’ போகிறோம் என்றுதான் சொல்வார்கள். ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு அதுதான் பெயர். குறைக்குத் தீர்ப்பதே துணை, கிரீவன்ஸுக்கு ரெட்ரெஸ். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த எங்கள் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் ‘செக்சன் 17’, ‘ரயத்துவாரி’ (உழவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நிலமுறை), ‘ஜென்மம்’ (பரம்பரை நிலவுடைமை), ‘லீஸ்’ ஆகிய சொற்களை எவ்வளவு நுணுக்கமாகக் கையாள்கிறார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தங்கள் நிலம் வருகிறதா இல்லையா என்பதில்தான் பட்டாவும் மின் இணைப்பும் அடங்கியிருந்ததால், அந்தச் சொற்களை அவர்கள் மறக்க வழியே இல்லை.

இதனால்தான், தலையங்கங்களுக்கு அடுத்தபடியாக, எங்கள் ஊர் சம்பந்தப்பட்ட தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கினேன். கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து கேரளத்தின் பழைய அரச குடும்பமான நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு, நாடு முழுவதற்குமான காட்டு வழக்காக வளர்ந்தது. அதில் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த உத்தரவில் நீதிமன்றம், ‘ஃபாரஸ்ட்’ என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்றது. அரசு ஆவணத்தில் காடு என்று பதிவாகியிருக்கும் நிலமும், உடைமை யாருடையதாக இருந்தாலும், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது. அந்த உத்தரவின் முதல் பக்கங்களை முடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. கோடு போட்ட சொற்கள் 40க்கு மேல். ஆனால் எந்தத் தலையங்கமும் எனக்குள் இப்படிப் பதிந்ததில்லை. ‘எதுவாக இருந்தாலும்’ என்று பொருள்படும் ‘இர்ரெஸ்பெக்டிவ்’ என்ற ஒரு சொல்லில் எங்கள் குன்றின் பாதி அடங்கியிருந்தது. அப்பாவிடம் படித்துக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அகராதியில காடுன்னா என்ன போட்டிருக்கு, அதப் படி” என்றார். மரங்கள் அடர்ந்த பெரும் நிலப்பரப்பு என்று படித்தேன். “தேயில மரமா, செடியா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு இன்றும் தெரியாது. அதற்காகத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லலாம். தேயிலையைக் கவாத்து வெட்டாமல் விட்டால் அது மரமாகத்தான் வளரும்.

தேர்வு நாளுக்கான உத்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியில் நட்டமில்லை, லாபமும் பெரிதாக இல்லை. இரண்டு தெரிவுகளை உறுதியாக விலக்கிவிட்டுக் குறித்தால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.375 கிடைக்கும். முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், ஐயமுள்ள சொற்கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் முறை, பத்தியில் அந்தச் சொல் புகழ்கிறதா பழிக்கிறதா என்று பார்த்து இரண்டை அடித்துவிட்டு, மீதி இரண்டையும் அந்த வாக்கியத்தில் பொருத்திப் படித்து, பொருந்தியதைக் குறித்துவிட்டு நகர்ந்தேன். கேள்விக்கு 48 நொடியாக இருந்த நேரம் 120 கேள்விகளில் ஒரு நிமிடமாக நீண்டிருந்ததும் கைகொடுத்தது. கடைசி வாரத்தில் புதிய சொல் எதையும் எடுக்கவில்லை. நான்காவது டப்பாவை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது திருச்சியில் சட்டம் படிக்கிறேன். அந்த வருடம் நான் எழுதிய அட்டைகள் மொத்தம் 1,100 சொச்சம், கடைசி டப்பாவை எட்டியவை 700க்குச் சற்று மேல். நிலைத்த இவை எண்ணிக்கையில் பழைய கட்டின் பாதிகூட இல்லை. சென்ற விடுமுறையில், அடுத்த தேர்வுக்குத் தயாராகும் சித்தி மகன் டப்பாக்களைக் கேட்டு வந்தான். கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆரம்ப நாட்களில் எழுதிய, வாக்கியம் இல்லாமல் ஒரு சொல்லும் அதற்கு நேராக ஒரு தமிழ்ச் சொல்லும் மட்டும் இருந்த 60 அட்டைகளை எடுத்துவிட்டேன். மீதியைக் கொடுத்தபோதும், இவற்றைப் படிக்காதே, எப்படி எழுதியிருக்கிறேன் என்று மட்டும் பார், உன் அட்டைகளை உன் பத்திகளிலிருந்து நீயே எழுது என்று சொல்லியனுப்பினேன். வெட்டிய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு அம்மாவிடம் மிச்சமிருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு போனான்.